தண்டராவில் மாமாவுக்கு வைத்த சோறு

1

யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒன்றாகப் படிப்பித்த சிநேகிதி கடிதம் போட்டிருக்கிறாள். "தண்டராவுக்குப் போய் வந்தாயாம். பதினொரு வருஷம் காணாமலே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நீ. கண்ட பிறகாவது உள்ளதை எழுது. இங்கே எல்லாரும் கூடியிருந்து வாசிப்போம்." கடிதம் வந்து ஆறு கிழமை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பனியைப் பற்றி எழுதினால் பொய் மாதிரி இருந்தது. பனியை விட்டுவிட்டு எழுதினாலும் பொய் மாதிரித்தான் இருந்தது.

இன்று ஆடி அமாவாசை. ஓக்லாந்தில் ஆடி என்றால் குளிர்காலம், விடிந்ததிலிருந்து மழை. பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுப் பின்வளவில், என் கணவர் சிவராசா தன் தகப்பனாருக்குப் படைத்த சோற்றை வேலிக் கட்டையில் வைத்தார். ஒரு கடற்பறவை வந்து இரண்டு விழுங்கில் முடித்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

அதற்கு முன் மூன்று வருஷம் இந்த நாள் எங்கள் வீட்டில் இப்படி முடிந்ததில்லை. போன வருஷம்தான் மாறியது. அது மாறிய இடம் கனடாவின் வடகோடியில், மரமே இல்லாத ஒரு காட்டுப் பூங்கா. மாற்றியவள் நான். எப்படி மாற்றினேன் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் புவியியல் ரீச்சர். இப்போது விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் வேலை. ஆகாயத்தில் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டு அடுக்குகிறேன். ஒரு பன், ஒரு வெண்ணெய்க்கட்டி, ஒரு கேக் துண்டு, இடப்பக்கம் முள்ளுக்கரண்டி. வந்த புதிதில் சான்றிதழ்களை மதிப்பிடும் கந்தோருக்கு என்னுடையவற்றை அனுப்பினேன். நான் படித்த பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில், முத்திரை குத்தி, ஊரிலிருந்து எடுப்பித்துத் தரச் சொன்னார்கள். ஊரில் அந்தக் கந்தோர் பூட்டியிருந்தது. பூட்டியிருப்பதற்கு ஓர் அத்தாட்சி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். கேட்ட பெண்ணில் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், தட்டச்சு முடிந்த பிறகு, பேனாவால் 'குளிருக்குக் கவனம்' என்று ஒரு வரி எழுதுவாள். அவளுடைய கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

தட்டு அடுக்கும் மேசைக்கு நேரே ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் ஓடுபாதை. ஒவ்வொரு விமானமும் எழும்பும்போது என் குதிக்கால்களும் கொஞ்சம் எழும்பும். நான் அடுக்கிய கரண்டிகள் எனக்கு முன்னால் உலகம் பார்க்கப் போகின்றன. என்ன அநியாயம்!

தண்டரா எங்கள் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம். 'மரமில்லை. நிலம் உறைந்திருக்கும். கோடையில் சூரியன் மறையாது.' கரும்பலகையில் இதை எழுதிவிட்டு, முதுகு வியர்வையில் ஒட்ட, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுதியவளுக்கும் நம்பிக்கையில்லை, பார்த்து எழுதியவர்களுக்கும் நம்பிக்கையில்லை. ஆனாலும் அந்த அரைப் பக்கத்தில் ஒரு காற்று இருந்தது. பாட வேளை முடிந்த பிறகும் அது என் சேலைத் தலைப்பில் நிற்கும்.

என் தம்பி குகன் கனடாவின் வடக்கில் ஒரு சின்ன ஊரில் மின்சார நிலையத்தில் வேலை செய்கிறான். ஒருமுறை எழுதினான்: "அக்கா, இஞ்சையிருந்து சின்ன பிளேனிலை ஒரு மணித்தியாலம் போனா ஒரு பெரிய பார்க் இருக்கு. ரோட்டு இல்லை, கடை இல்லை, ஒரு மரம் இல்லை. அரசாங்கம் ஆள் வைச்சுக் காக்குது." என்னத்தைக் காக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் ஒரு வரியில் வந்தது: "ஒண்டுமில்லாததை."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

3

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலங்களுக்குப் படம் கீறும் வேலை அவருக்கு. அமைதியான மனிதர். வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் கடைசியில் போய் நிற்பார். சட்டம் என்று எங்காவது எழுதியிருந்தால், எழுதியவர் மறந்துபோனாலும் இவர் மறக்கமாட்டார்.

நாங்கள் இங்கே வந்த இரண்டாம் வருஷம் ஊரிலிருந்து தந்தி வந்தது. மாமா, அவருடைய தகப்பனார், போய்விட்டார். எங்கள் வதிவிட விண்ணப்பம் அப்போது கந்தோரில் கிடந்தது. முடிவு வருமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்கப் போனார். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, உறுதி சொல்ல முடியாது, மன்னியுங்கள் என்றார். இவர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். ஒரே மகன், கொள்ளி வைக்கப் போகவில்லை. மூன்று கிழமை கழித்து அனுமதி தபாலில் வந்தது. கடித உறையை ஓரமாக வெட்டிப் பிரித்து, வாசித்து, கோவையில் வைத்தார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

பேசாததையெல்லாம் ஆடி அமாவாசைக்குச் சேர்த்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். தகப்பனை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து, படைத்து, காகம் வந்து எடுத்த பிறகு சாப்பிடுவது எங்கள் வழக்கம். நியூசிலாந்தில் எங்கள் காகம் இல்லை. மைனா வரும்; கடற்பறவை வரும்.

"அது கடல்லை திரியிற சாமான்," என்பார் இவர், யன்னலில் நின்று. "அப்பா கடற்கரைப் பக்கமே போகாத மனுசன். இது அவரில்லை."

"பிளேன் ஏறாத மனுசன் பாஸ்போட் இல்லாமல் பாபடோயிட்டோய்க்கு வருவார் எண்டு நம்புறியள். கடல்பறவையா வரமாட்டாரோ?"

சிரிக்கமாட்டார். காத்திருப்பார். கடைசியில் ஒரு விதி தானாகவே வகுத்துக்கொண்டார்: காகம் வராவிட்டால், பொழுதுபட்ட பிறகு சாப்பிடலாம். குளிர்காலத்தில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் அந்த விதியோடு நாங்கள் மூன்று வருஷம் ஓட்டினோம். அன்றைக்கு ஊரில் காத்தோட்டிக்காய் சமைப்பார்கள், கசப்புக்கு. நான் பக்கத்து வீட்டு கிரேப்புருட் மரத்துப் பழத்தின் தோலை வதக்கிக் குழம்பு வைப்பேன். மாமா இருந்திருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாம் தரமும் வாங்கியிருப்பார். மருமகள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. மருமகளின் சமையலை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

4

லீவைச் சேர்த்து, சமையற்கூடத்து முறைப்பட்டியலைப் பார்த்துப் பயணத்துக்கு நாள் குறித்தேன். சுவரில் தொங்கிய கலண்டரில் பள்ளி விடுமுறையைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அலமாரிக்குள் தூங்கிய அது, விமானம் கிளம்பி மூன்றாவது மணித்தியாலத்தில் இவருடைய கைப்பையிலிருந்து வெளியே வந்தது.

"இஞ்சேரும்," என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் பயம். "பார்க்கிலை நிக்கிற நாளிலைதான் அமாவாசை."

நான் பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்: "அது பரவாயில்லை. எங்கை நிண்டாலும் செய்யலாம். ஆனா நாங்கள் திகதிக் கோட்டைத் தாண்டுறம். ஒரே நாளை ரெண்டுதரம் சீவிக்கப்போறம். இதிலை அப்பான்ரை நாள் எது?"

பக்கத்தில் எங்கள் மகள் சுகந்தி, பதினைந்து வயது, காதிலிருந்து வயரைக் கழற்றாமலே "ஓ மை காட்" என்றாள். ஒன்பது வயதில் வந்தவள். தமிழ் முழுக்க விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில். தமிழை மறந்தாள் என்பதில்லை. சின்ன வயதுச் சட்டை மாதிரி மடித்து எங்கோ வைத்துவிட்டாள்.

நான் சாப்பாட்டுத் துணியில் பூமியை வரைந்தேன். சூரியனை, சந்திரனை வரைந்தேன். அமாவாசை என்பது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். பஞ்சாங்கத்து நேரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றினால் நாள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வகுப்பை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் மாணவர். கவனமாகக் கேட்டார்.

"சரி. நீர் சொன்னா அதுதான் நாள்," என்றார். துணியை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

வன்கூவர் சுங்கத்தில் தர்ப்பைப் புல்லைக் கண்டு நிறுத்தினார்கள். சுகந்திதான் கதைத்தாள். "இட்ஸ் ஃபோர் மை கிராண்ட்ஃபாதர்." அவர் எங்கே இருக்கிறார் என்று அதிகாரி கேட்டார். "ஹீ'ஸ் டெட்." அதிகாரி புல்லை எடுத்துக்கொண்டார். எள்ளையும் பருப்பையும் விட்டார்.

5

சிநேகிதி, நீ கேட்ட தண்டரா இனித்தான் வருகிறது.

குகனின் ஊரிலிருந்து சின்ன விமானம் எங்களை ஒரு கூழாங்கல் வெளியில் இறக்கிவிட்டு, நாளை மறுநாள் நாலு மணித்தியால நடைக்கு அப்பால் வேறொரு வெளியில் ஏற்றுவதாகச் சொல்லிப் பறந்தது. அதன் சத்தம் மறைய நெடுநேரம் பிடித்தது. மறைந்த பிறகு வந்தது மௌனம் இல்லை. மௌனத்துக்கு முன்னால் உலகத்தில் ஏதோ ஒன்று இருந்திருக்குமே, அது.

மரமில்லை என்று படிப்பித்தேன் அல்லவா? பிழை. மரங்கள் இருக்கின்றன. என் கணுக்காலுக்குக் கீழே. விரல் தடிப்பில் தண்டு, நகம் அளவு இலை, நிலத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் வில்லோ மரங்கள். எங்களைக் கூட்டிப்போன காவலர்ப் பெண் எலன் சொன்னாள், இவற்றில் சிலவற்றுக்கு நூறு வயதும் இருக்குமாம். நான் காட்டின் மேலே நடந்துகொண்டிருந்தேன். காலைத் தூக்கி வைக்கவே கூச்சமாக இருந்தது. மஞ்சள் பூ, ஊதாப் பூ, பஞ்சு தலையில் வைத்த புல். பச்சை நிற ஆறு. அதற்கு மேல் மலை இடுக்கில் நீலமாக ஒரு பழைய பனி. எல்லாவற்றின் மீதும் வெயில், சாய்ந்த வெயில், ஓக்லாந்தில் பள்ளி விடுகிற நேரத்து வெயில், போகவே மாட்டேன் என்ற வெயில்.

பிறகு நுளம்புக் கடி. பதினொரு வருஷம் படிப்பித்தேன், ஒருநாளும் நுளம்பு என்று சொன்னதில்லை. வாயைத் திறந்தால் உள்ளே ஐந்து. பாடப் புத்தகம் எழுதியவரும் போயிருக்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

வந்தவுடன் எலன் ஒரு படிவம் நீட்டினாள். பூப் பறிக்கக்கூடாது. புல் பிடுங்கக்கூடாது. விலங்குக்கோ பறவைக்கோ உணவு வைக்கக்கூடாது. கொண்டுவந்த எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டுச் சாமான்கள் கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளி, கரடி திறக்க முடியாத இரும்புப் பீப்பாய்க்குள். கரடி வந்தால் சுட அவள் தோளில் துவக்கு இருந்தது. இவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்துக் கையெழுத்துப் போட்டார். உணவு வைக்கக்கூடாது என்ற வரியில் விரல் கொஞ்சம் நின்றது. நான் கண்டேன்.

"இஞ்சை காகம் எங்கை வரப்போகுது," என்றேன், ஆறுதலுக்கு.

6

அமாவாசையன்று மணிக்கூடு ஆறு காட்டியபோது இவர் ஆற்றில் இறங்கினார். பனி உருகி வரும் ஆறு. ஊரில் தகப்பனோடு கீரிமலைக் கேணியில் முழுகினவர், அதே முறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். வெளியே வந்தபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எலன் ஓடிப்போய்ப் போர்வை கொண்டுவந்தாள். "இஸ் ஹீ ஓகே?" "இட்ஸ் ரிலிஜஸ்," என்றாள் சுகந்தி, கண்ணை மேலே உருட்டி. ஆனால் போர்வையின் மற்ற முனையை அவள்தான் பிடித்துத் தகப்பனின் தலையைத் துடைத்துவிட்டாள்.

பீப்பாய்க்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. சோறு, பருப்பு, கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய் வற்றல் குழம்பு, போத்தலில் கொண்டுபோன கிரேப்புருட் தோல் குழம்பு. வாழையிலைக்குப் பதில் விமானத்துச் சாப்பாட்டுத் தகரத் தட்டு. படைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, இவர் கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சத்தம்.

கா என்று இல்லை. அடித்தொண்டையில், பெரிய கதவு ஒன்று திறக்கிற மாதிரி. எதிர்ப் பாறையில் வந்து இறங்கியது. கோழியளவு இருக்கும். கன்னங்கரேல். தலையைச் சரித்து எங்களைப் பார்த்தது.

"காகம்," என்றார் இவர். பிறகு மெதுவாக, "இஞ்சேரும். காகம்."

நாலு வருஷமாக அந்த முகத்தில் நான் காணாத ஒன்று வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். படிவம் ஞாபகம் வந்துவிட்டது.

சுகந்தியை அனுப்பி எலனிடம் கேட்டோம். கையில் வைத்திருந்து, அது தானாக எடுத்தால்? எலன் வந்து எங்களுக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னாள். ஒருதரம் மனிதரிடம் சாப்பிட்ட பறவை அடுத்த கூடாரத்துக்கும் போகும். அது போகுமிடத்துக்கு நரி வரும், நரிக்குப் பின்னால் கரடி வரும். "உங்கள் தகப்பனுக்கு என்பது எனக்கு விளங்குகிறது. என்னை மன்னிக்க வேண்டும்." அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. யன்னலுக்கு அந்தப் பக்கத்து மன்னிப்பு எத்தனை விதம்!

"அந்தப் பிள்ளை சொல்லுறது சரி," என்றார் இவர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப சாப்பிடுங்கோவன்."

"பொழுதுபடட்டும்."

நானும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்தோம். "டாட்," என்றாள் அவள், "த சன் இஸ்ன்ட் கோயிங் டவுன். லைக், ஃபோர் வீக்ஸ்."

அவருக்குத் தெரியாததல்ல. நான் வரைந்து காட்டிய சூரியன்தான். ஆனால் வகுத்த விதியை மாற்ற அவருக்குத் தெரியாது. மணி பன்னிரண்டானது; இரண்டானது; ஐந்தானது. வெயில் மலையைச் சுற்றி நடந்தது, இறங்கவில்லை. காகம் போவதும் வருவதுமாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்ட மனிதர், பனி உருகும் ஆற்றில் முழுகியவர், கை நடுக்கத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் நாலு மணித்தியாலம் நடக்க வேண்டும். வழியில் அதே ஆற்றை இடுப்பளவு தண்ணீரில் இரண்டு தரம் கடக்க வேண்டும். எலன் என்னைத் தனியே கூப்பிட்டு, இவர் சாப்பிடாவிட்டால் நடக்க விடமாட்டேன் என்றாள்.

நான்தான் இழுத்து வந்தேன். என்னுடைய அரைப் பக்கத்துக்காக.

"அந்தக் காகம் வந்திட்டுது," என்றார் இவர் பாறையைப் பார்த்தபடி. "நான்தான் குடுக்கேல்லை. அங்கையும் நான்தான் போகேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் மடியிலிருந்து தட்டை வாங்கினேன். "பீப்பாய்க்குள்ளை வைச்சிட்டு வாறன். கரடிக்கு மணந்திடும்."

பீப்பாய் ஒரு பாறைக்குப் பின்னால். மூடியைத் திறந்தேன். மாமாவின் சோற்றை மிச்சம் என்று அதற்குள் போட்டு மூட மனம் வரவில்லை. வெளியே வைக்கச் சட்டமில்லை. அப்படியே திரும்பக் கொண்டுபோனால் இவர் சாப்பிடமாட்டார். சிநேகிதி, உள்ளதை எழுதச் சொன்னாய். நிலத்தில் குந்தியிருந்து நான் அதைச் சாப்பிடத் தொடங்கினேன். விறைத்துப்போன சோறு, உறைந்த பருப்பு. இவ்வளவு தூரம் ஆசைப்பட்டு வந்த நான், உலகத்தின் உச்சியில், யாருக்கும் தெரியாமல் பிதிர்ச் சோறு சாப்பிட்டேன். பாவமா என்று கேட்காதே. கசப்புக் குழம்பு தொண்டையில் இறங்கும்போது மாமாவின் முகச் சுளிப்பு எனக்கு வந்தது.

"மம்! தட்ஸ் ஃபோர் அப்பப்பா!"

சுகந்தி நின்றிருந்தாள். வாய் நிறையச் சோற்றோடு அவளைப் பார்த்தேன். விளக்கம் சொல்ல வாயில் இடமில்லை. அவள் தட்டைப் பார்த்தாள், பாறைக்கு அப்பால் தகப்பன் இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் குந்தினாள். தட்டின் மூலையில் ஒட்டியிருந்த பருக்கைகளைச் சுட்டிக்காட்டினாள். வழித்துச் சாப்பிட்டேன்.

திரும்பிப் போய் வெறும் தட்டை இவரிடம் நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ. மூடி திறக்கிறதுக்கிடையிலை காகம் வந்து எடுத்திட்டுது."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

"அந்தக் கசப்பையும்?"

வானத்தைப் பார்த்தேன், அங்கேயும் ஒளிய இருட்டில்லை.

"ஓம் அப்பா," என்றது ஒரு குரல். "நான் கண்டனான். நல்ல பெரிய காகம்."

சுகந்தி. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! பொய் சொல்லத் தமிழ்தான் அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

இவர் எழுந்தார். பாறையின் பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றார். தோள் இரண்டும் ஒருதரம் குலுங்கியது. பிறகு வந்து உட்கார்ந்து, "சரி, போடும்," என்றார். நான் பரிமாறினேன். பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். எலனைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுக்கச் சொன்னார். கசப்புக் குழம்பைத் தின்று அவள் விழி பிதுங்கியதைக் கண்டு சத்தமாகச் சிரித்தார். கை நடுக்கம் நின்றிருந்தது.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீரும் இன்னும் சாப்பிடேல்லைத்தானே? சாப்பாட்டுக் கோப்பையைத் தாரும்."

"எனக்குப் பெரிசாப் பசியில்லை."

"என்ன பசியில்லை? விடிய எழும்பிச் சமைச்ச மனுசி." பெரிய கரண்டியை எடுத்துத் தானே போட்டார். சோறு, பருப்பு, கிழங்கு. சுகந்தி போர்வை முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள்.

"காணும், காணும்."

"எங்கை காணும்? அப்பா வயிறார எடுத்திருக்கிறார். நாங்களும் வயிறாரச் சாப்பிட வேணும்." இன்னொரு கரண்டி விழுந்தது. அதற்கு மேல் குழம்பு.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை. கோப்பையில் இருந்த அவ்வளவையும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தார்.